வண்டி விலைய கேளுங்க தம்பி, மாசத் தவணைய அப்புறம் பாத்துக்கலாம்

கேள்வி:

வணக்கம் அண்ணா. டெக்ஸாஸ்ல ஃப்ரிஸ்கோல இருக்கேன், ஹெச்-1பி விசா, ரெண்டு பசங்க. அப்பா அம்மா ஆறு மாசம் வந்து இருக்கப் போறாங்க, எங்ககிட்ட இருக்கிறது ஒரு 2016 செடான் தான், அதனால மூணு வரிசை எஸ்யூவி ஒண்ணு லீஸ் எடுக்கலாம்னு போன சனிக்கிழமை ரெண்டு டீலர்கிட்ட போனேன். ஒரு இடத்துல 48,000 டாலர் ஸ்டிக்கர் போட்ட வண்டிக்கு மாசம் 649, கையெழுத்து போடும்போது 5,000, 36 மாசம், வருஷத்துக்கு 10,000 மைல்னு சொன்னாங்க. இன்னிக்கு மட்டும் தான் இந்த ஆஃபர்னாங்க. பழைய வண்டி சாவிய மதிப்பு பாக்கறேன்னு வாங்கிட்டுப் போய் ஒரு மணி நேரம் தரவே இல்ல. பெயின்ட் ப்ரொடெக்‌ஷன், கேப் இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டெட் வாரண்டி எல்லாம் வேணுமான்னு வேற கேட்டாங்க. நான் யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன். இது நல்ல டீலா? டவுன் பேமென்ட் அதிகமா போட்டா தவணை குறையுமே, போடலாமா? வேலை போயிட்டா வண்டிய திருப்பி குடுத்துட்டு ஊருக்கு கெளம்பிடலாம்ல, அதுக்கு தான் லீஸ் நல்லதுன்னு நெனச்சேன். என் ஃப்ரெண்ட் எலெக்ட்ரிக் எஸ்யூவி 7,500 டாலர் தள்ளுபடில லீஸ் எடுத்தான், அது கெடைக்குமா? என் வைஃப் என்னடான்னா லீஸே வேணாம், வாங்கிடலாம்ங்கறா.

பதில்:

வணக்கம் தம்பி. உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன், தவணை இருக்கு, மைல் இருக்கு, 5,000 இருக்கு, ஆனா வண்டிய என்ன விலைக்கு தர்றாங்கன்னு எங்கயுமே இல்ல. அது உங்க தப்பு இல்ல, அவங்க சொல்லவே மாட்டாங்க, நீங்களும் கேக்கக் கூடாதுன்னு தான் அந்த பேச்சே அப்படி நடக்கும். நான் முன்னாடி மேசைக்கு அந்தப் பக்கம், ஃபைனான்ஸ் ரூம்ல உக்காந்து வேலை பாத்தவன், இப்போ வண்டி வாங்கறவங்களுக்கு பேசித் தர்ற வேலை பாக்கறேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். கஸ்டமர் உள்ள வந்த உடனே "மாசம் எவ்வளவு வரைக்கும் பாக்கறீங்க சார்"னு கேக்கச் சொல்லித்தான் சேல்ஸ் பசங்களுக்கு ட்ரெய்னிங்கே, நீங்க 650ன்னு வாய தொறந்தீங்கன்னா அப்புறம் அந்த 650க்குள்ள எதை வேணா அடைச்சிடலாம்.

மொதல்ல உங்களுக்கு குடுத்த கொட்டேஷனையே பிரிச்சுப் பாப்போம். மாசம் 649, ஆனா 5,000 முன்னாடியே குடுக்கறீங்க, அதுக்குள்ள மொத மாசத் தவணையும் அடங்கும்னு வச்சுக்குவோம். மீதி 35 மாசத்துக்கு 649 வீதம் 22,715, அதோட 5,000 சேத்தா 27,715. 36ஆல வகுத்தா மாசம் 770 டாலர். ஆக உங்க கைல குடுத்தது 649 வண்டி இல்ல, 770 வண்டி. டிவில, போஸ்டர்ல வர்ற லீஸ் விளம்பரம் எல்லாமே இதே கணக்கு தான், பெருசா தவணை, கீழ எறும்பு சைஸ்ல டியூ அட் சைனிங், அதாவது கையெழுத்து அன்னிக்கு கட்ட வேண்டிய தொகை. எந்த டீலர் எந்த நம்பர் குடுத்தாலும் இந்த ஒரு கணக்க போன்ல போட்டுப் பாருங்க, மொத்தமா நான் குடுக்கறது எவ்வளவு, அதை மாசத்தால வகுத்தா எவ்வளவு. ரெண்டு டீலர ஒப்பிடறதுக்கு வேற வழியே கெடையாது, ஏன்னா ஒருத்தன் 3,000 டவுன் போட்டு சொல்லுவான் இன்னொருத்தன் 5,000 போட்டு சொல்லுவான், தவணைய மட்டும் பாத்தா ரெண்டாவது ஆள் தான் தர்மப்பிரபு மாதிரி தெரிவான்.

லீஸ்ங்கறதுல உள்ள மூணே மூணு எண்ணு தான் தம்பி. ஒண்ணு வண்டியோட விற்பனை விலை, பேப்பர்ல கேப் காஸ்ட்னு (கேப்பிட்டலைஸ்ட் காஸ்ட்) போடுவாங்க, இது முழுக்க முழுக்க பேரம் பேசக்கூடியது. ரெண்டாவது ரெசிடுவல், அதாவது மூணு வருஷம் கழிச்சு வண்டி என்ன மதிப்பு இருக்கும்னு லீஸ் கம்பெனி முன்கூட்டியே நிர்ணயிக்கிற தொகை, ஸ்டிக்கர் விலைல இத்தனை சதவீதம்னு வரும், இதை டீலரால மாத்த முடியாது, நீங்க கெஞ்சினாலும் மாறாது. மூணாவது மணி ஃபேக்டர், இது தான் வட்டி, ஆனா வட்டி மாதிரியே தெரியாது, 0.0021ன்னு சின்னதா ஒரு எண்ணு போட்டிருக்கும், அதை 2,400ஆல பெருக்கினா வருஷ வட்டி வந்துடும், 0.0021 கிட்டத்தட்ட 5 சதவீதம். 0.0025னா 6. இவ்வளவு சின்ன எண்ணா இருக்கறதால யாருக்கும் உறைக்காது. நல்ல க்ரெடிட் ஸ்கோர் இருக்கறவங்களுக்கு லீஸ் கம்பெனி குடுக்கற அடிப்படை ரேட்டுக்கு மேல டீலர் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கலாம், அந்த ஏத்தினதுல அவருக்கும் பங்கு உண்டு, பல கம்பெனில இது அனுமதிச்ச விஷயம் தான்.

கணக்கு புரியறதுக்காக நானே சில எண்ணு வச்சுக்கறேன், உங்க வண்டிக்கு இதே தான்னு எடுத்துக்காதீங்க. ஸ்டிக்கர் 48,000. பேசி 44,500க்கு கொண்டு வந்துட்டீங்க, தயாரிப்பாளர் லீஸுக்குன்னு குடுக்கற கேஷ் 1,500 கழிஞ்சா 43,000, லீஸ ஆரம்பிக்கறதுக்கு லீஸ் கம்பெனி வாங்கற அக்விசிஷன் ஃபீ ஒரு 700 சேத்தா 43,700. ரெசிடுவல் 58 சதவீதம், அதாவது 27,840. 43,700ல 27,840 போனா 15,860, இதை 36ஆல வகுத்தா மாசம் 441, இது வண்டி தேயற காசு. அடுத்தது வட்டிப் பகுதி, 43,700ஐயும் 27,840ஐயும் கூட்டி, ஆமா கூட்டி தான், 71,540, அதை 0.0021ஆல பெருக்கினா 150. மொத்தம் 591, வரி தனி. இப்போ டீலர் சத்தமில்லாம மணி ஃபேக்டர 0.0021ல இருந்து 0.0025க்கு தூக்கிட்டான்னா அந்த 150 ஏறி 179 ஆயிடும், மாசம் 29 டாலர் தானேன்னு தோணும், மூணு வருஷத்துக்கு 1,030 டாலர். விலைல ஆயிரம் டாலர் கொறைச்சுட்டேன்னு உங்களுக்கு கை குடுத்துட்டு இந்தப் பக்கம் அதே ஆயிரத்த எடுத்துக்கறது இப்படித்தான்.

அடிப்படை மணி ஃபேக்டரும் ரெசிடுவலும் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கறது கஷ்டமே இல்ல, எட்மண்ட்ஸ்ங்கற கார் வெப்சைட்ல வண்டி மாடல், ட்ரிம் (அந்த மாடல்லயே எந்த ரகம்), ஜிப் கோட், எத்தனை மாசம், எத்தனை மைல்னு போட்டு கேட்டா அந்த மாசத்து எண்ணு சொல்லிடுவாங்க. இதெல்லாம் மாசா மாசம் மாறும், போன மாச எண்ண வச்சுக்கிட்டு இந்த மாசம் சண்டை போடாதீங்க.

இப்போ டெக்ஸாஸ் விஷயத்துக்கு வரேன், இதை உங்க டீலர் சொல்லியிருக்க மாட்டார். கலிஃபோர்னியா மாதிரி எடத்துல லீஸ் தவணைக்கு மட்டும் தான் வரி. டெக்ஸாஸ்ல வண்டியோட விலை முழுசுக்கும் 6.25 சதவீதம். சட்டப்படி கட்ட வேண்டியது லீஸ் கம்பெனி தான், ஆனா அது சுத்தி வளைச்சு உங்க தலைல தான் விடியும். 44,500க்கு 2,781 டாலர், மாசத்துக்கு பிரிச்சா 77. மேல வந்த 591ஓட சேத்தா சுமாரா 668. மூணு வருஷம் மட்டும் ஓட்டப் போற வண்டிக்கு முழு வண்டிக்கும் வரி கட்டறீங்க, அப்புறம் லீஸ் முடிஞ்சு வண்டி நல்லா இருக்கு நானே வாங்கிக்கறேன்னு சொன்னீங்கன்னா அந்த 27,840க்கு மறுபடியும் 6.25, இன்னொரு 1,740. லீஸ் எடுத்துட்டு கடைசில வாங்கிக்கலாம்ங்கற பிளான் நம்ம ஊர்ல ரெண்டு தடவ வரி கட்டற பிளான். சில சமயம் லீஸ் கம்பெனிங்க டாக்ஸ் கிரெடிட்னு ஒண்ணு விடுவாங்க, அந்த வரிய மொத்தமாவோ பாதியோ அவங்களே ஏத்துக்குவாங்க, இருக்கான்னு ஒவ்வொரு டீலர்கிட்டயும் கேளுங்க, கேக்காம யாரும் சொல்ல மாட்டாங்க. இன்னொன்னு, வண்டிய சொந்த உபயோகத்துக்கு தான் ஓட்டறேன்னு ஒரு அஃபிடவிட்ல கையெழுத்து வாங்குவாங்க, அதைப் படிச்சுட்டு போடுங்க, டெக்ஸாஸ்ல லீஸ் வண்டிக்கு ப்ராபர்ட்டி டாக்ஸ் வராம இருக்கறது அந்த பேப்பரால தான். லீஸ் வண்டிய வச்சு சைடுல ஊபர் ஓட்டலாம்னு எல்லாம் கெளம்பிடாதீங்க.

டவுன் பேமென்ட் பத்தி கேட்டீங்க. லீஸ்ல போடவே போடாதீங்க. தவணை குறையும், உண்மை தான், ஆனா நீங்க முன்னாடியே கட்டிட்டீங்க அதனால குறையுது, யாரும் உங்களுக்கு சும்மா தரல, வட்டில ஏதோ கொஞ்சம் மிச்சம் ஆகும் அவ்ளோ தான். ஆபத்து வேற எடத்துல இருக்கு. வண்டிய எடுத்து ரெண்டாவது மாசம் டோல்வேல எவனோ பின்னாடி வந்து இடிச்சு வண்டி டோட்டல்னு, அதாவது சரி பண்ணி பிரயோஜனம் இல்லன்னு ஆச்சுன்னா இன்சூரன்ஸ் காசு லீஸ் கம்பெனிக்கு போகும், வண்டி அவங்களோடது. இன்சூரன்ஸ் காசு போக லீஸ்ல பாக்கி ஏதாச்சும் இருந்தா கேப் (GAP) கவரேஜ் பாத்துக்கும், இது வேற கேப், மேல சொன்ன கேப் காஸ்ட் இல்ல. நீங்க குடுத்த 5,000? போச்சு. அது திரும்ப வராது. அதனால முதல் மாசத் தவணை, ரெஜிஸ்ட்ரேஷன், டாக் ஃபீ (டீலர் பேப்பர் வேலைக்கு வாங்கற காசு), இது மட்டும் குடுத்துட்டு மத்ததெல்லாம் தவணைக்குள்ள போட்டுக்கோங்க, தவணை பெருசா தெரியும், பரவால்ல. அந்த 5,000த்த சேவிங்ஸ்ல வச்சுக்கோங்க, ஹெச்-1பில இருக்கறவனுக்கு கைல காசு இருக்கறது தனி தெம்பு.

மைல் கணக்குல நீங்க ஏமாறப் போறீங்கன்னு நெனைக்கறேன். வருஷத்துக்கு 10,000 மைல் தான் ஓட்டலாம்னு அவங்க வரம்பு போட்டது தவணைய சின்னதா காட்டறதுக்கு. ஆபீஸ் ஒரு 22 மைல் தள்ளி, வாரத்துல மூணு நாள் போறீங்கன்னு வைங்க, அதுவே வருஷத்துக்கு 6,600. பசங்க ஸ்விம்மிங், டான்ஸ் க்ளாஸ், காஸ்ட்கோ, கோயில்னு வாரத்துக்கு 80 மைல் எளிதா ஆகும், அது ஒரு 4,000. அப்பா அம்மா வந்துட்டா ஹூஸ்டன் பக்கத்துல பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு கூட்டிட்டுப் போகாம இருக்க முடியாது, போய்ட்டு வந்தாலே 500 மைலுக்கு மேல, ரெண்டு தடவ போனா 1,000 தாண்டிடும். ஆக 12,000 எடுங்க. 12,000க்கு மாத்தினா ரெசிடுவல் பொதுவா ஒரு சதவீதம் போல எறங்கும், 48,000 வண்டில அது 480 டாலர், மாசம் 13. எடுக்காம விட்டு மூணு வருஷத்துல 6,000 மைல் கூட ஓடினா, மைலுக்கு 20 சென்ட்னு வச்சாலும் 1,200 டாலர் கடைசில மொத்தமா கேப்பாங்க.

வண்டி தேர்ந்தெடுக்கறது உங்க இஷ்டம், ஆனா ஒண்ணு சொல்றேன், மூணு வரிசைன்னு பேப்பர்ல இருக்கறது எல்லாம் மூணு வரிசை இல்ல. சாதாரண ஹைலேண்டர்ல மூணாவது வரிசை பசங்களுக்கு தான், டொயோட்டாவே அதனால தான் 2024 மாடல்ல இருந்து க்ராண்ட் ஹைலேண்டர்னு தனியா ஒண்ணு விட்டாங்க. பைலட், டெல்லுரைட், பாலிசேட் எல்லாம் கொஞ்சம் தாராளம். நீங்களே பின்னாடி ஏறி உக்காந்து பாருங்க. அம்மாவுக்கு முட்டி வலி இருந்துச்சுன்னா படி எவ்வளவு ஒசரம், ஏறும்போது பிடிச்சுக்க கைப்பிடி எங்க இருக்கு, நடு வரிசை தனித்தனி சீட்டா பெஞ்சா, இதை எல்லாம் பாத்துட்டு தான் ட்ரிம் முடிவு பண்ணணும், சன்ரூஃப்ப பாத்துட்டு இல்ல.

டீலர எப்படி கையாளறதுன்னு இப்போ சொல்றேன். டெக்ஸாஸ்ல சனி ஞாயிறு ரெண்டு நாளும் சேந்தாப்ல வண்டி விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதனால ஏறக்குறைய எல்லா டீலரும் ஞாயித்துக்கிழமை லீவு. இது உங்களுக்கு வரம். ஞாயித்துக்கிழமை காலைல குடும்பத்தோட போய் லாட்ல நிதானமா சுத்திப் பாருங்க, ஒருத்தனும் பின்னாடி வர மாட்டான். ஜன்னல்ல ஒட்டியிருக்கற ஒரிஜினல் ஸ்டிக்கர போட்டோ எடுங்க, அது 1958லயே வந்த சட்டப்படி தயாரிப்பாளர் ஒட்டறது, மன்ரோனி ஸ்டிக்கர்னு பேரு, அந்த சட்டத்த கொண்டு வந்த ஓக்லஹோமா செனட்டர் பேர்ல. அதுக்கு பக்கத்துல இன்னொரு குட்டி ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, நைட்ரஜன் காத்து, கதவு ஓரத்துக்கு பிளாஸ்டிக், விண்டோ டின்ட், மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்னு, கூட்டிப் பாத்தா ரெண்டாயிரம் மூவாயிரம் வரும். அது தயாரிப்பாளர் போட்டது இல்ல, டீலர் தன் பாட்டுக்கு போட்டது. காத்துல ஏற்கனவே முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன் தான் தம்பி, அதுக்கு தனியா எதுக்கு காசு. அந்த ஸ்டிக்கரயும் போட்டோ எடுத்துக்கோங்க.

அப்புறம் வீட்ல உக்காந்து அஞ்சாறு டீலருக்கு இமெயில் போடுங்க. டாலஸ் மட்டும் இல்ல, ஃபோர்ட் வொர்த், டென்ட்டன், வேக்கோ வரைக்கும் போடலாம், இன்டர்நெட் சேல்ஸ் மேனேஜர்னு ஒருத்தர் இருப்பார், அவருக்கு. இந்த மாடல், இந்த ட்ரிம், இந்த கலர் ரெண்டுல ஏதாச்சும் ஒண்ணு, 36 மாசம், 12,000 மைல், டவுன் சுழியம், இதுக்கு இன்சென்டிவ் (தயாரிப்பாளர் குடுக்கற தள்ளுபடி) கழிக்கறதுக்கு முன்னாடி விற்பனை விலை எவ்வளவு, இன்சென்டிவ் என்னென்ன தனித்தனியா, மணி ஃபேக்டர் எவ்வளவு, ரெசிடுவல் எவ்வளவு, அக்விசிஷன் ஃபீ, டாக் ஃபீ, டாக்ஸ் கிரெடிட் உண்டா, டீலர் போட்ட ஆட்-ஆன் ஏதாச்சும் இருக்கா, கையெழுத்து அன்னிக்கு மொத்தமா எவ்வளவு குடுக்கணும். இதுக்கு பாதி பேர் "நேர்ல வாங்க சார், மேனேஜர் உங்களுக்கு ஸ்பெஷலா பண்ணித் தருவார்"னு தான் பதில் போடுவாங்க, போன் பண்ணிக்கிட்டே இருப்பாங்க, விட்டுடுங்க, இதுக்குன்னு தனியா ஒரு இமெயில் ஐடி வச்சுக்கோங்க. ரெண்டு மூணு பேர் ஒழுங்கா எண்ணு எண்ணா அனுப்புவாங்க, அவங்க கூட மட்டும் பேசுங்க. கம்மியா வந்த விலைய அடுத்தவருக்கு காட்டி இதை விட கொறைக்க முடியுமான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேளுங்க, நாள் முழுக்க ஏலம் விட்டீங்கன்னா யாரும் மதிக்க மாட்டாங்க. மாசக் கடைசில கேட்டா கொஞ்சம் எறங்குவாங்க, அவங்களுக்கும் டார்கெட் இருக்கு. இன்னிக்கு மட்டும் தான் ஆஃபர்ங்கறது சும்மா, இன்னிக்கு குடுக்கற விலைய நாளைக்கும் குடுப்பான், இன்சென்டிவ் மாறினா தான் மாறும், அதுக்கு தேதி போட்டிருக்கும்.

பழைய செடான இதுக்குள்ள கொண்டு வராதீங்க. சாவிய வாங்கிட்டு திரும்ப தராம வச்சிருக்கறது மதிப்பு பாக்கறதுக்கு இல்ல, நீங்க எந்திரிச்சு போகாம இருக்கறதுக்கு. அப்புறம் ஒரு பேப்பர்ல நாலு கட்டம் போட்டு பழைய வண்டி மதிப்பு, புது வண்டி விலை, டவுன், மாசத் தவணைன்னு எழுதி ஒரு கட்டத்துல ஏத்தி இன்னொரு கட்டத்துல எறக்குவாங்க, சந்தைல துண்டு போட்டு மறைச்சு விரல புடிச்சு மாட்டு விலை பேசற மாதிரி, என்ன, இங்க துண்டுக்கு வெளில நிக்கறது நீங்க மட்டும் தான். பழைய வண்டி வாங்கி விக்கற கார்மேக்ஸ்ல போய் வண்டிய காட்டினா எழுத்துல ஒரு விலை குடுப்பாங்க, அது ஏழு நாளைக்கு செல்லும். அதை பாக்கெட்ல வச்சுக்கோங்க. புது வண்டி விலை எல்லாம் எழுத்துல முடிஞ்சதுக்கப்புறம், ஒரு பழைய வண்டி இருக்கு, இந்த விலைக்கு மேல எடுத்துக்கறீங்களான்னு கேளுங்க. இல்லன்னா கார்மேக்ஸுக்கே குடுத்துட்டு வாங்க.

ஃபைனான்ஸ் ரூம் தான் கடைசி, அங்க தான் எல்லாரும் களைச்சுப் போய் உக்காந்திருப்பாங்க, பசங்க வெளில அழும், அந்த நேரத்துல தான் மெனு மாதிரி ஒரு அட்டைய நீட்டுவாங்க. எக்ஸ்டெண்டெட் வாரண்டி உங்களுக்கு எதுக்கு, 36 மாச லீஸ், கம்பெனி வாரண்டியே பொதுவா 3 வருஷம் 36,000 மைல், ஹூண்டாய் கியால 5 வருஷம் 60,000. நீங்க 12,000 மைல் வீதம் மூணு வருஷம் ஓட்டினா 36,000 தான் வருது. பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் வேணாம், வண்டிய திருப்பி தரப் போறீங்க. கேப், நிறைய லீஸ்ல உள்ளயே சேந்து வரும், கான்ட்ராக்ட்ல கேப் வெய்வர்னு தேடிப் பாருங்க, இருந்துச்சுன்னா ரெண்டாவது தடவ காசு குடுக்காதீங்க, இல்லன்னா மட்டும் வாங்கணும், அப்போ உங்க இன்சூரன்ஸ் கம்பெனிலயும் வெல கேளுங்க. டயர் வீல் பிளான் மட்டும், பெரிய ரிம் இருந்துச்சுன்னா, விலை கம்மியா வந்தா யோசிக்கலாம், எனக்கு அதுல பெருசா ஆட்சேபணை இல்ல.

கையெழுத்துக்கு முன்னாடி லீஸ் டிஸ்க்ளோஷர் ஷீட் தருவாங்க, 1976ல வந்த கன்ஸ்யூமர் லீசிங் சட்டப்படி கட்டாயம். க்ராஸ் கேப்பிட்டலைஸ்ட் காஸ்ட் (விலையோட ஃபீ, ஆட்-ஆன் எல்லாம் சேத்த மொத்தம்), ரெசிடுவல், தேய்மானம், ரென்ட் சார்ஜ் (வட்டிப் பகுதி) எல்லாம் வரிசையா இருக்கும், ஆனா மணி ஃபேக்டர் அதுல போடணும்னு சட்டம் இல்ல. பரவால்ல, நீங்களே கண்டுபிடிக்கலாம், ரென்ட் சார்ஜ் மொத்தத்த 36ஆல வகுத்து, வர்றத அட்ஜஸ்டட் கேப் காஸ்ட்டும் (அந்த மொத்தத்துல டவுன், தள்ளுபடி கழிச்சது) ரெசிடுவலும் கூட்டின தொகையால வகுத்தா மணி ஃபேக்டர் வந்துடும், இமெயில்ல சொன்ன எண்ணும் இதுவும் ஒத்துப் போகுதா பாருங்க. க்ராஸ் கேப் காஸ்ட்டுக்குள்ள என்னென்ன அடங்கியிருக்குன்னு பிரிச்சு எழுதித் தரச் சொல்லி கேக்கறது உங்க உரிமை, கேளுங்க, நைட்ரஜன் காத்து அங்க தான் ஒளிஞ்சிருக்கும். மூணு நாளைக்குள்ள திருப்பி குடுத்துடலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, டீலர் கடைல போய் கையெழுத்து போட்ட புது வண்டிக்கு அந்த கூலிங் ஆஃப் விதி கெடையாது. அதே மாதிரி லோன் இன்னும் அப்ரூவ் ஆகல, பரவால்ல வண்டிய எடுத்துட்டுப் போங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு சொன்னா வண்டிய தொடாதீங்க, நாலு நாள் கழிச்சு ரேட் ஏறிடுச்சு மறுபடி வந்து கையெழுத்து போடுங்கன்னு போன் வரும், அதுக்குள்ள உங்க பழைய வண்டிய வித்திருப்பாங்க.

எலெக்ட்ரிக் வண்டி 7,500 முடிஞ்சு போச்சு, 2025 செப்டம்பர் 30ஓட அந்த ஃபெடரல் கிரெடிட் நின்னுடுச்சு. உங்க ஃப்ரெண்ட் சரியான நேரத்துல எடுத்துட்டார். இப்போ எலெக்ட்ரிக்ல தள்ளுபடி பாத்தீங்கன்னா அது தயாரிப்பாளர் தன் கைல இருந்து குடுக்கறது.

கடைசியா வேலை போனா திருப்பி குடுத்துடலாம்ங்கற உங்க நெனப்பு. இது தான் எனக்கு ரொம்ப கவலையா இருந்த விஷயம். லீஸ்ங்கறது வாடகை வீடு மாதிரி நோட்டீஸ் குடுத்துட்டு காலி பண்றது இல்ல, 36 மாசத்துக்கும் கட்டறேன்னு கையெழுத்து போட்ட ஒப்பந்தம். அந்த டிஸ்க்ளோஷர் ஷீட்லயே போட்டிருக்கும், முன்கூட்டியே முடிச்சா கட்டணம் பல ஆயிரம் டாலர் வரைக்கும் போகலாம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கறீங்களோ அவ்வளவு அதிகமா இருக்கும்னு. வேலை போனா உங்களுக்கு இருக்கறது 60 நாள் அவகாசம், அதுக்குள்ள புது வேலையும் தேடணும் லீஸயும் கழட்டணும்னா திண்டாட்டம். லீஸ வேற ஆளுக்கு மாத்தி விடலாம், ஆனா சில கம்பெனி அனுமதிக்கறதில்ல, சில கம்பெனி மாத்தினாலும் பொறுப்பு உங்க மேலயே இருக்கும்னு சொல்லும். முன்னெல்லாம் கார்மேக்ஸ் மாதிரி எடத்துல லீஸ் வண்டிய வித்துடலாம், 2021க்கு அப்புறம் பல கம்பெனிங்க வெளி ஆள் வாங்கறத நிறுத்திட்டாங்க.

அதனால தம்பி, உங்க வீட்டுக்காரங்க சொல்றது தான் எனக்கும் சரின்னு படுது. மூணு காரணம் சேந்து நிக்குது உங்க விஷயத்துல, டெக்ஸாஸ்ல முழு வரி, விசா நிலைமை, வருஷத்துக்கு 12,000 மைல். சொந்தமா வாங்கினா லோன் பாக்கி இருந்தாலும் எந்த நாளும் விக்கலாம், கார்மேக்ஸே லோன அடைச்சுட்டு மீதிய உங்க கைல தருவான். மொத ஒன்றரை வருஷம் வண்டி மதிப்பு லோன விட கம்மியா இருக்க வாய்ப்பு உண்டு, அதனால லோன்ல மட்டும் அந்த 5,000த்த டவுனா போடுங்க, லீஸ்ல வேணாம்னு சொன்ன அதே 5,000, இங்க அது உங்க வண்டிக்குள்ள தான் இருக்கு. ரெண்டு வருஷம் ஓடி, கம்பெனி சோதிச்சு விக்கற சர்ட்டிஃபைடு வண்டி கெடைச்சா இன்னும் நல்லது, மொத அடி விழுந்தது வேற யாருக்கோ.

உங்க ஆபீஸ் பக்கத்துல இருக்கற க்ரெடிட் யூனியன்ல இந்த வாரமே லோன் ப்ரீ-அப்ரூவல் வாங்கி வைங்க, விசா முடியற தேதிய கேப்பாங்க, உங்க ஹெச்-1பி அப்ரூவல் பேப்பர், ஐ-797, எடுத்துட்டுப் போங்க. டீலர் ரேட் அதை விட கம்மியா வந்தா டீலர்கிட்டயே போட்டுக்கலாம். அந்த இமெயில்லயே லீஸ் எண்ணோட சேத்து வாங்கினா வரி, ஃபீ எல்லாம் சேத்து மொத்த விலை எவ்வளவுன்னும் ஒரு வரி எழுதிடுங்க, டெக்ஸாஸ்ல அவுட் தி டோர் பிரைஸ்னு கேட்டா எல்லாருக்கும் புரியும். பதில் வந்ததும் தவணை என்னன்னு எனக்கு எழுதாதீங்க. விலை, ரேட், ஃபீ, இந்த மூணும் எழுதி அனுப்புங்க, லீஸா லோனான்னு அப்போ ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன்.